வயலின் வாசிக்கும்போது பாடகர் எங்கே பார்க்கிறார்?

போன டிசம்பரில் ஒரு சபாவில் நடந்தது. பாடகர் கரகரப்ரியாவை இருபது நிமிஷத்துக்கு மேல் பாடினார். நல்ல ஆலாபனை. மேல் ஷட்ஜத்தில் அவர் நின்றபோது எனக்குப் பக்கத்து ஸீட் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்கி வயலின் ஆரம்பித்தது. பாடகர் ஆரஞ்சு மூடி போட்ட ஒரு பிளாஸ்க்கை எடுத்தார். திறந்தார், ஊற்றினார், ஊதி ஊதிக் குடித்தார், வாயைத் துடைத்தார், மூடினார். அடுத்து டேப்லெட்டை மடியில் வைத்து விரலால் தள்ளித் தள்ளி எதையோ தேடினார். பின்னால் தம்புராவோடு இருந்த சிஷ்யையிடம் திரும்பி ஏதோ கேட்டார். மைக்காரரைப் பார்த்துக் கட்டைவிரலை மேலே தூக்கிக் காட்டினார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். வயலின் முடியப்போகிற சமயத்தில் சட்டென்று நிமிர்ந்து "பலே!" என்றார். சபை கைதட்டியது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. அந்த பிளாஸ்க் மூடியின் நிறம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வயலின்காரர் வாசித்ததில் ஒரு பிரயோகம்கூட ஞாபகம் இல்லை. நான் சின்ன வயதில் ஏழு வருஷம் வயலின் கற்றுக்கொண்டவன். மற்றவர்கள் கவனிக்காவிட்டாலும் நான் வயலினைக் கவனிப்பவன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அன்றோடு அது போயிற்று.

அதன்பிறகு மேடைப் பழக்கங்கள் பற்றிப் படித்ததையும் பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நம் ரசிகர்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வருகிற வார்த்தை "அங்க சேஷ்டை". வாயைக் கோணுவது, தலையைச் சிலுப்புவது, தொடையில் பளார் பளார் என்று தாளம் போடுவது, காற்றில் கயிறு இழுப்பது போலக் கையை வீசுவது. இந்தப் புகார் ரொம்பப் பழசு. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தை யாழ்ப்போட்டியில் பாடுகிற இடம் இருக்கிறது. அவள் பாடும்போது புருவம் ஏறவில்லை, கண் அலையவில்லை, தொண்டை புடைக்கவில்லை, பல் வெளியே தெரியவில்லை. வாயைத் திறந்து இவள்தான் பாடினாளா, இல்லை நரம்பே பேசிவிட்டதா என்று கேட்டவர்கள் மயங்குகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு தமிழ்க் கவிஞருக்கு நல்ல பாட்டின் அடையாளம் அசையாத முகம்.

13-ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் இருந்த சாரங்கதேவர் சங்கீத ரத்னாகரத்தில் ஒரு பட்டியலே போட்டுவிட்டார். பாடகருக்கு ஆகாத தோஷங்கள் 25. பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவது, வாயை அகலப் பிளப்பது, ஒட்டகம் மாதிரிக் கழுத்தைத் தூக்குவது, கன்னத்தைச் சுரைக்காய் போல ஊதிக்கொள்வது, கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவது, கழுத்தைக் கோணுவது. கண்ணை மூடிக்கொண்டு பாடுவதும் தோஷம்தான். அதற்கு 'நிமீலகம்' என்று பெயர். இன்றைக்குக் கண்ணை மூடிப் பாடுகிறவரைத்தான் "என்ன பாவம், என்ன லயிப்பு" என்று நாம் கொண்டாடுகிறோம்! அந்தப் பட்டியலை வைத்துச் சோதித்தால் இன்றைய மேடையில் தேறுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

பட்டியலில் அதிகம் பேசப்படாத ஒன்றும் இருக்கிறது: 'அனவதானகம்', அதாவது கவனமின்மை. பாட்டின் உறுப்புகளில் கவனம் இல்லாமல் பாடுவதைத்தான் சாரங்கதேவர் சொல்கிறார், பக்கத்தில் வாசிப்பவரைக் கவனிக்காததை அல்ல. ஆனால் என் பிளாஸ்க் பிரச்சினை இந்த வார்த்தைக்குப் பக்கத்தில் எங்கோதான் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கையசைவு. இதில் நான் கட்சி மாறிவிட்டேன். முன்பெல்லாம் கையை வீசிப் பாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான்.

கிருதி பாடும்போது பாடகரின் ஒரு கைக்கு வேலை உண்டு: தட்டு, வீச்சு, விரல் எண்ணிக்கை. அந்தக் கையை நம்பித்தான் மிருதங்கக்காரர் இருக்கிறார், முன்வரிசையில் தொடையைத் தட்டுகிற மாமாவும் இருக்கிறார். ஆலாபனையில் தாளம் இல்லை. இரண்டு கையும் சும்மா இருக்கிறது. சேஷ்டைகள் அங்கேதான் கொடிகட்டிப் பறக்கும். ஆனால் உற்றுப் பார்த்தால் அந்த அசைவு தாறுமாறாக இருப்பதில்லை. கமகம் வளைகிற இடத்தில் கை வளைகிறது. ஸ்வரத்தில் நிற்கும்போது கையும் ஏதோ கனமான பொருளைத் தாங்குவது போல நிற்கிறது. ஜாரு இறங்கினால் கையும் வழுக்கி இறங்குகிறது.

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். லாரா பியர்சன் என்பவர் கர்நாடக இசை வகுப்பில் ஆசிரியர் காட்டும் கையசைவையும் பாட்டின் ஒலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து 2013-இல் ஒரு கட்டுரை எழுதினார். மாத்யூ ரஹைம் 2012-இல் ஹிந்துஸ்தானி பாடகர்களின் கையசைவு பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதில் எனக்குப் பிடித்த கருத்து, சிஷ்யர்கள் குருவின் பாட்டோடு அவருடைய உடம்பையும் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது. யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இதற்குப் புத்தகம்கூட வேண்டாம். ஒரே குருவிடம் படித்த மூன்று பேரைச் சத்தம் இல்லாமல் பாருங்கள், யார் பள்ளி என்று சொல்லிவிடலாம். ஆக, "கையை ஆட்டாமல் பாடு" என்று ஒருவரிடம் சொல்வது சில சமயம் "வேறு மாதிரிப் பாடு" என்று சொல்வதுதான்.

மேற்கிலும் இப்படி ஒரு மனிதர் இருந்தார். க்ளென் கூல்ட், கனடாவின் பியானோக்காரர். அப்பா கால்களைக் குறைத்துக் கொடுத்த மடக்கு நாற்காலி ஒன்றில், முகம் விசைகளைத் தொட்டுவிடும் போல உட்கார்ந்து வாசிப்பார். வாசிக்கும்போது வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். 1955-இல் அவர் பதிவு செய்த பாக் இசையிலும் அந்த முணுமுணுப்பு கேட்கும், 1981-இல் அதையே திரும்பப் பதிவு செய்தபோதும் கேட்கும். ஒலிப்பதிவாளர்களுக்குத் தலைவலி. ஆனாலும் அந்தத் தட்டுகளை இன்றுவரை ஜனங்கள் வாங்குகிறார்கள்.

அசைவு கேட்கிறவர் காதையே மாற்றும் என்பதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. 2007-இல் மைக்கேல் ஷுட்ஸ், ஸ்காட் லிப்ஸ்கோம் இருவரும் மரிம்பா வாசிப்பவர் ஒருவரைப் படம் பிடித்தார்கள். மரிம்பா என்பது மரக்கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கிற வாத்தியம். தட்டியபிறகு அந்த ஒலியை நீட்டவோ குறைக்கவோ முடியாது. அவர் சில ஸ்வரங்களைத் தட்டிவிட்டுக் கையை நீளமாக இழுத்தார், சிலவற்றைத் தட்டிச் சட்டென்று நிறுத்தினார். ஒலியில் வித்தியாசம் இல்லை. படத்தைப் பார்க்காமல் கேட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. படத்தோடு பார்த்தவர்களுக்கு மட்டும், "ஒலியை வைத்துத்தான் சொல்லவேண்டும்" என்று சொல்லியிருந்தும், கை நீண்ட இடத்தில் ஸ்வரமும் நீண்டதாகவே கேட்டது. மிருதங்கத்தில் ஒரு 'தீம்' போட்டுவிட்டுக் கையை மெல்ல மேலே எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனைதான் ஞாபகம் வருகிறது. அங்கேயும் இதுதான் நடக்கிறதா என்பது வெறும் என் ஊகம்.

2013-இல் வந்த சியா-ஜுங் ட்ஸாயின் ஆய்வு இன்னும் பிரசித்தம். பியானோப் போட்டிகளின் இறுதிச் சுற்றிலிருந்து ஆறு விநாடித் துணுக்குகளைக் காட்டி யார் ஜெயித்தார் என்று கேட்டார். ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட, ஒலியில்லாத படத்தை மட்டும் பார்த்தவர்கள் சரியாகச் சொன்னார்கள். சங்கீத நிபுணர்களும் இதற்கு விலக்கில்லை. 2018-இல் வேறொரு குழு இதைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு வந்தது, ஆனால் இதைப் பெரிய பொதுவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எச்சரித்தார்கள். எனக்கு எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது, முடிவும் வேண்டியிருக்கிறது. நாம் நினைப்பதைவிடக் கச்சேரியைக் கண்ணால் அதிகம் கேட்கிறோம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

அப்படியென்றால் எதுதான் தொந்தரவு?

சிலது தொந்தரவு மாதிரித் தெரியும், ஆனால் வேறு வழியில்லை. மிருதங்கக்காரர் பாட்டுக்கு நடுவே கல்லை எடுத்து 'டொக் டொக்' என்று தட்டுவது அந்த வகை. மிருதங்கம் தோல். ஈரம் ஏறினால் தளரும், காய்ந்தால் இறுகும். இடது பக்கம் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்பியிருக்கிறார்கள், அது கச்சேரி போகப்போகக் காய்ந்துகொண்டே வரும். ஏஸி ஒரு பக்கம், தலைக்கு மேல் விளக்குச் சூடு ஒரு பக்கம். ஆறு மணிக்குச் சேர்த்த சுருதி ஏழரைக்கு அங்கேயே இருந்தால்தான் அதிசயம். பாட்டு ஓடும்போது தட்டுவதா, முடிந்தபிறகு தட்டுவதா என்பதில் மட்டும் நிதானம் வேண்டும். ராகத்தின் ஆரம்ப வரியில், தம்புரா மட்டும் கேட்க வேண்டிய இடத்தில் கல் விழுந்தால் எனக்கும் கோபம் வரும்.

மைக்காரரோடு நடக்கும் ஊமைப் பாஷையும் அப்படித்தான். மேடையில் இருக்கிறவருக்கு நாம் கேட்கிற ஒலி கேட்பதில்லை. காலடியில் இருக்கும் மானிட்டர் பெட்டியில் என்ன வருகிறதோ அதுதான் அவருக்குக் கச்சேரி. அதில் வயலின் அதிகமாகவும் தன் குரல் குறைவாகவும் வந்தால் தொண்டையைக் கொடுத்துக் கத்துவார், மறுநாள் குரல் போகும். முந்தின கச்சேரி முடிந்து அரைமணியில் அடுத்தது என்று சபாக்கள் ஓட்டினால் ஒலிச் சோதனைக்கு எங்கே நேரம்? முதல் வர்ணம்தான் சோதனை. அந்த வர்ணம் முழுக்கக் கையாட்டல் இருந்தால் நான் பொறுத்துக்கொள்கிறேன். ஒன்றரை மணி நேரம் கழித்தும் ஓயாவிட்டால் அது பழக்கம்.

டேப்லெட்டைப் பற்றி ரசிகர்கள் நிறையத் திட்டுகிறார்கள். எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. பார்த்துப் பாடட்டும், வார்த்தையைத் தப்பாகப் பாடுவதைவிட மேல்.

பிளாஸ்க்குக்கு வருகிறேன். இருபது நிமிஷம் ஆலாபனை பாடினவருக்குத் தொண்டை வறளும். தண்ணீர் குடிக்க வேண்டியதுதான். அவர் குடித்ததில் தப்பில்லை. அவர் எங்கே உட்கார்ந்து குடித்தார் என்பதில்தான் விஷயம்.

நம் மேடையில் பாடகர் நடுவில். அவருடைய இடது கைப் பக்கம் வயலின், வலது கைப் பக்கம் மிருதங்கம். பாடகர் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், மற்ற இருவரும் பக்கவாட்டில் ஒருவரை ஒருவர் பார்த்தபடி. வயலின்காரரின் முறை வந்தாலும் இந்த அமைப்பில் எதுவும் மாறுவதில்லை. நாடகத்தில் போல வெளிச்சம் நகர்வதில்லை. ஜாஸ் இசைக்குழுவில் தனியாக வாசிப்பவர் எழுந்து முன்னால் வருவது போல இங்கே யாரும் வருவதில்லை. சபையின் கண் நடுவில் இருக்கும் முகத்திலேயே நிற்கிறது. அந்த முகத்தின் கண் எங்கே போகிறதோ அங்கே நம் கண்ணும் போகிறது.

1969-இல் ஸ்டான்லி மில்கிராமும் அவருடைய குழுவினரும் நியூயார்க் நடைபாதையில் சில ஆட்களை நிற்க வைத்து எதிர்க் கட்டிடத்தின் ஜன்னல் ஒன்றை அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். ஒரே ஒருவர் பார்த்தபோதே அந்த வழியாகப் போனவர்களில் 42 சதவீதம் பேர் தலையைத் தூக்கினார்கள். 15 பேர் பார்த்தபோது 86 சதவீதம். அந்த ஜன்னலில் பெரிதாக ஒன்றும் இல்லை. தெருவில் முன்பின் தெரியாத ஒரு ஆளின் பார்வைக்கே இந்த இழுப்பு என்றால், டிக்கெட் வாங்கிக்கொண்டு யாருக்காக வந்தோமோ அவருடைய பார்வைக்கு எவ்வளவு இருக்கும்? பாடகர் டேப்லெட்டைப் பார்த்தால் ஐந்நூறு பேர் டேப்லெட்டைப் பார்க்கிறார்கள். "இப்போது முக்கியமாக ஒன்றும் நடக்கவில்லை" என்று அவர் வாயால் சொல்லவில்லை, ஆனால் நமக்குக் கேட்டுவிடுகிறது. தனி ஆவர்த்தனத்துக்குக் கூட்டம் கேன்டீனைப் பார்த்து எழுந்து போகிறதே, அந்தப் பழியை முழுக்க ரசிகர் தலையில் போட எனக்கு இப்போது மனசு வரவில்லை.

ஒரு கச்சேரிக் காணொளியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். வயலின் ஆலாபனை ஏழெட்டு நிமிஷம். பாடகர் முதல் அரை நிமிஷம் வயலினைப் பார்த்தார், கடைசி அரை நிமிஷம் பார்த்தார். நடுவில் கைக்கடிகாரம், பாட்டு லிஸ்ட், முன்வரிசையில் வந்து உட்கார்ந்த யாருக்கோ ஒரு வணக்கம். கேமராவும் நம் மாதிரிதான். பாடகர் வணக்கம் சொன்னபோது அது முன்வரிசைக்குத் தாவியது.

இதைப் பற்றி ஒரு வயலின் வித்வானிடம் பேசினேன். முப்பது வருஷமாகப் பக்கவாத்தியம் வாசிப்பவர். பெயர் போடவேண்டாம் என்றார்.

"ஸார், நீங்க ராகம் வாசிக்கும்போது பாடறவர் என்ன பண்றார்னு கவனிப்பீங்களா?"

"கவனிக்காம எப்படிப்பா? அவர் முகத்தைப் பாத்துத்தானே எவ்வளவு நேரம் வாசிக்கலாம்னு தெரிஞ்சுக்கணும். வாயால யாரும் சொல்லமாட்டா. தண்ணி குடிச்சிட்டு மூடியைத் திருகினார்னா, போதும்னு அர்த்தம்."

"அப்போ மூடியைத் திருகினதும் முடிச்சிடுவீங்களா?"

"முடிச்சாகணும். மனசுல ஒரு பிடி இருக்கும், மேல் காந்தாரத்தைத் தொட்டுட்டு வரலாம்னு. மூடி சத்தம் கேட்டா அப்படியே கீழ இறங்கிடுவேன்."

"வருத்தமா இருக்காதா?"

"இருபது வயசுல இருந்துது. இப்போ முதல்லயே சின்னதா வாசிக்கப் பழகிட்டேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பாடகரின் பழக்கம் நம் கவனத்தைக் கெடுக்கிறது என்றுதான் அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். அது வயலினின் நீளத்தையே வெட்டுகிறது. அன்றைக்குக் கரகரப்ரியாவில் எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லாததற்கு என் கண் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அந்த வயலின்காரரும் எங்கேயோ போகக் கிளம்பி, மூடி சத்தம் கேட்டு இறங்கியிருக்கலாம்.

எதிர்முனையிலும் ஒரு வியாதி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சிலர் பக்கவாத்தியக்காரரை மதிக்கிறேன் பேர்வழி என்று ஒவ்வொரு பிரயோகத்துக்கும் "பலே, பேஷ், ஆஹா" என்று மைக்கிலேயே சொல்லிக்கொண்டிருப்பார்கள். வயலின் நிஷாதத்தில் நின்று, அடுத்து எங்கே போகும் என்று நாம் காத்திருக்கிற அந்த ஒரு விநாடிக் கார்வையில் பாடகரின் "ஆஹா" வந்து விழும். பாராட்டுத்தான், ஆனால் கவனம் மறுபடியும் நடு ஸீட்டுக்கே போய்விடுகிறது. மைக்குக்கு எட்டாமல் தலையை ஒரு முறை அசைத்தால் போதாதா?

ஜனவரியில் ஒரு சின்ன இடத்தில் கச்சேரி. கோயில் பக்கத்து மண்டபம், நூறு நாற்காலி, பாதி காலி. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் பாடினார். தோடி. அவருக்கும் அங்க சேஷ்டை உண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வலது கையால் மாவு பிசைவது போல ஒரு அசைவு. சாரங்கதேவர் பார்த்தால் நாலைந்து தோஷம் எழுதியிருப்பார். ஆலாபனை முடிந்ததும் அந்தப் பெண் உடம்பை இடது பக்கம் கொஞ்சம் திருப்பி, கையை மடியில் வைத்துக்கொண்டு வயலினைப் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார். வயலின் வாசித்த பையன் முதலில் இரண்டு தடவை அவர் முகத்தைப் பார்த்தான், அப்புறம் பார்க்கவில்லை. மேலே போனான், நின்றான், ஒரு இடத்தில் தடுக்கினான், திரும்ப அதே இடத்துக்கு வேறு வழியாக வந்தான். என் முன்னால் உட்கார்ந்திருந்தவர் போனை எடுத்து மணி பார்க்கப் போனவர் அப்படியே பையில் போட்டுவிட்டார்.

அவன் கடைசியாக வாசித்த பிரயோகத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் கிருதியை ஆரம்பித்தார். பஸ்ஸில் வரும்போது அதை முணுமுணுத்துப் பார்த்தேன், வந்தது. பிளாஸ்க் அந்த மேடையிலும் இருந்தது. வயலின் முடிந்து ஜனங்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது அவர் இரண்டு வாய் குடித்தார்.